அடி தட்டும் ஜிப்சிக்கு எத்தனை அங்குலம் போதும்?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிகிறேன். என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி கிங், எம்.பி.எஃப்.ஐ. என்ஜின், ஹார்டு டாப். குடியிருப்பிலிருந்து ஃபேக்டரிக்குத் தினமும் 11 கி.மீ. தோட்டப் பாதையில் போய் வருகிறேன். மாதம் இருமுறை என் தாயாரைப் பொள்ளாச்சி மருத்துவமனைக்கு இதே வண்டியில் அழைத்துச் செல்கிறேன். மழைக்காலம் முடிந்தால் பாதையின் நடுமேட்டில் (இரு சக்கரத் தடங்களுக்கு இடையிலான மேட்டில்) வண்டியின் அடி தட்டுகிறது. நீளமான ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸோடு பிணைக்கும் தகட்டு இணைப்பு) மாட்டி இரண்டு அங்குலம் தூக்கி, 235/75 ஆர் 15 டயர் போட்டால் தீர்ந்துவிடும் என்று கோவையில் ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா? தாயாருக்கு வயது 71.
– வால்பாறை வாசகர்

பதில்: பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு பழைய சாக்கை விரித்து, கையில் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எந்த இடம் தட்டுகிறதோ அந்த இடத்தில் சேறும் துருவும் உரசிப் போய் இரும்பு பளபளப்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தே உங்கள் கேள்விக்கான விடை மாறும். அதைப் பார்க்காமல் இரண்டு அங்குலம் என்று சொல்பவர் மருந்தை முதலில் எழுதிவிட்டு நாடியைப் பிறகு பிடிப்பவர்.

ஜிப்சியில் முன்னும் பின்னும் முழு அச்சு. இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் உருண்டையான கூடு அந்த அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு மேலே இருக்கிற சேஸும் பாடியும் மட்டுமே உயரும். கம்பெனி சொல்லும் 210 மி.மீ. தரை இடைவெளி அந்த உருண்டைக் கூட்டின் அடியில் அளந்தது. ஆகவே பளபளப்பு டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் இருந்தால், இரண்டு அங்குலம் அல்ல, பத்து அங்குலம் தூக்கினாலும் அந்த 210 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அதைக் கூட்டுவது டயரின் விட்டம் ஒன்றுதான். பளபளப்பு, முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸின் அடித்தகட்டிலோ, சேஸின் குறுக்குச் சட்டத்திலோ, சைலன்சர் குழாயிலோ இருந்தால் மட்டுமே ஸ்பிரிங்கை உயர்த்துவதில் பொருள் உண்டு. சைலன்சர் மட்டும் தட்டுகிறதென்றால் பல நேரங்களில் அதன் ரப்பர் தொங்கல் அறுந்திருப்பதே காரணமாக இருக்கும். அதற்குத் தேவை புது ரப்பர் மட்டுமே.

இன்னொன்றையும் அங்கே படுத்திருக்கும்போதே கவனியுங்கள். ஜிப்சியின் டிஃபரன்ஷியல் அச்சின் நட்டநடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. நாள்தோறும் ஒரே பாதையில் போகிறவர், மேட்டின் உச்சி எந்தப் பக்கம் வந்தால் கூடு தப்பும் என்பதைத் தெரிந்துகொண்டு, சக்கரத்தை ஒரு சாண் தள்ளி ஓட்டினாலே தட்டலில் பாதி குறையும். தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர்கள் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள்.

அடுத்தது அளவு. 2004ஆம் ஆண்டு வண்டிக்கு இருபது ஆண்டு கடந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டைகள் பழையவையே என்றால் அவை கட்டாயம் அமர்ந்திருக்கும். நீங்கள் தேடுகிற உயரத்தில் ஒரு பகுதி, வண்டி பிறக்கும்போதே அதனிடம் இருந்து, பின்னர் தொலைந்துபோன உயரமாக இருக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயரிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, பெட்ரோல் பாதித் தொட்டி இருக்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே இருக்கும் மட்கார்டு விளிம்பு வரை அளந்து சுண்ணக்கட்டியால் எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரின் தேய்மானம் கணக்கைக் கெடுத்துவிடும். வலப்பக்கம் குறைவாக வந்தால் வியக்க வேண்டாம்: தனியாக ஓட்டுகிறவரின் எடை இருபது ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு ஒரு ஸ்பிரிங்கின் முன் கண்ணிலிருந்து பின் கண் வரை நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் மெயின் பட்டைக்கும் நடுவில் எவ்வளவு வளைவு மீதியிருக்கிறது என்று நான்கிலும் பாருங்கள். ஒன்றில் மற்றதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், அங்கே பட்டை ஒன்று உடைந்திருக்கிறதா, சென்டர் போல்ட் அறுந்திருக்கிறதா என்று தேடுங்கள். அச்சு மேலே வந்து சேஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரும் ஒரு சாட்சி. அதன் முகம் நசுங்கி மினுமினுப்பாக இருந்தால், வண்டி அன்றாடம் அதில் போய் இடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இவ்வளவுக்கும் பிறகு, ‘ஆமாம், தட்டுவது சேஸ்தான், ஸ்பிரிங்கும் அமர்ந்திருக்கிறது’ என்று தெரிந்தால், எப்படித் தூக்குவது என்ற கேள்விக்கு வரலாம்.

நீளமான ஷேக்கிளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது மலிவு, அரை நாளில் முடியும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும்தான் கீழே தள்ளுகிறது. மறுமுனை சேஸில் நிலையாக இருக்கிறது. அச்சு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், ஷேக்கிளில் கூட்டிய நீளத்தில் பாதியே உயரமாகக் கிடைக்கும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் இப்போதிருப்பதைவிட நான்கு அங்குலம் நீளமான ஷேக்கிள் வேண்டும். அவ்வளவு நீளமான இரண்டு தகட்டுத் துண்டுகள் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய கெடுதல் முன்பக்கத்தில் நடக்கிறது. ஜிப்சியின் முன் ஸ்பிரிங்கில் ஷேக்கிள் இருப்பது முன்முனையில். அதை நீளமாக்கினால் ஸ்பிரிங் முன்னோக்கிக் கவிழ்கிறது, அதோடு சேர்ந்து அச்சும் முன்னோக்கிச் சுழல்கிறது, முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறைந்துபோகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதும், நேர்ச்சாலையில் வண்டி பிடித்த கோட்டில் போவதும் அந்தக் கோணத்தால்தான்.

எனக்கு இது கைப்பட்ட பாடம். என் முதல் ஜிப்சியில் இதே வேலையை ஒரு பட்டறையில் செய்துகொண்டேன். தோட்டப் பாதையில் ஒரு குறையும் தெரியவில்லை. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஆழியாற்றைத் தாண்டும் வரைகூட ஒன்றும் தோன்றவில்லை. அதன்பின் பொள்ளாச்சிக்குப் போகும் நேர்ச்சாலையில் 70 கி.மீ. வேகத்தைத் தொட்டதும், வண்டி ஒருமுறை இடது தென்னந்தோப்பையும் ஒருமுறை வலது தென்னந்தோப்பையும் மோப்பம் பிடித்துக்கொண்டே போனது. ஊர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு தோளும் கல்லாக இறுகியிருந்தன. மறுவாரமே பழைய ஷேக்கிளை மாட்டிவிட்டேன்.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்துத் தூக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஜிப்சியின் அடியைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு பல வண்டிகளில் பட்டை அச்சுக்கு மேலே இருக்கும். அங்கே கட்டை வைத்தால் வண்டி உயரும். ஜிப்சியில் பட்டை அச்சுக்குக் கீழே செல்கிறது. அங்கே கட்டை வைத்தால் வண்டி தாழும். பட்டையை அச்சுக்கு மேலே மாற்றி வெல்டிங் செய்து நான்கைந்து அங்குலம் தூக்கும் வேலை வேறு ஒன்று உண்டு. அது போட்டிக்குப் போகிறவர்களுக்கானது. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கானது அல்ல.

பழைய பட்டையையே சம்மட்டியால் அடித்து வளைவை மீட்பதும், கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும் ஊர்ப்பட்டறைகளில் வழக்கம். அடித்து வளைத்ததை முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால், சில மாதங்களில் மறுபடி அமர்ந்துவிடும். களைத்துப்போன எஃகை அடித்ததால் அது விரிசல் விடவும் கூடும். ஒரு பட்டை கூட்டினால் உயரம் கிடைக்கும், ஆனால் ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள, ஏற்கெனவே குலுக்கலுக்குப் பேர்போன வண்டியின் ஸ்பிரிங்கை மேலும் விறைப்பாக்கிவிடும். பின்னால் தினமும் உரமூட்டை ஏற்றுகிறவருக்கு அது பொருந்தும். 71 வயதுத் தாயாரை ஏற்றுகிறவருக்குப் பொருந்தாது.

எனவே என் ஆலோசனை இது: நான்கு ஸ்பிரிங் தொகுப்புகளையும் புதிதாக வாங்குங்கள், அதில் கம்பெனி வளைவைவிட 25 முதல் 35 மி.மீ. வரை மட்டும் கூடுதலாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அமர்ந்துபோன உயரமும் இதோடு சேர்ந்து மீளும் என்பதால், உங்கள் சுண்ணக்கட்டிக் கணக்கில் இரண்டு அங்குலத்துக்கு அருகில் வந்து நிற்கவும் வாய்ப்புண்டு. வண்டியின் இயல்பான நிலையிலிருந்து பார்த்தால் அது ஓர் அங்குலத்துக்குச் சற்றே மேல்தான். டிரான்ஸ்பர் கேஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் ஸ்டியரிங் தண்டின் சாய்வும் அந்த அளவைப் பெரிய மாற்றம் இல்லாமல் தாங்கிக்கொள்ளும். கிடைத்தால் பாரபோலிக் வகைப் பட்டைகளையும் கேட்டுப் பாருங்கள். அவற்றில் இரண்டு மூன்று பட்டைகளே இருக்கும். நடுவில் தடித்து முனைக்கு மெலிந்து வரும். ஒன்றோடொன்று உரசுவது குறைவு என்பதால் சிறு குழிகளில் மென்மையாக நடக்கும். உரசல் குறைவதால் ஸ்பிரிங் ஆடுவதை அடக்கும் முழு வேலையும் ஷாக் அப்சார்பர் மேல் விழும். ஆகவே அந்த வகைக்கு நல்ல ஷாக் இல்லாமல் ஆகாது.

ஷாக் அப்சார்பரைக் கண்ணளவில் வாங்காதீர்கள். புது ஸ்பிரிங் மாட்டியபின் சேஸை ஜாக்கியில் தூக்கி, அச்சைத் தொங்கவிட்டு, ஷாக்கின் மேல்பிடிக்கும் கீழ்ப்பிடிக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஷாக் முழுதாக நீண்ட நிலையில் அந்தத் தூரத்தைவிடச் சற்றேனும் நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சின் முழுப் பாரத்தையும் ஷாக்கே தூக்கிக்கொண்டிருக்கும், மாதங்களில் எண்ணெய் கசியும். அதேபோல் பம்ப் ஸ்டாப்பில் அச்சு இடிக்கும் நேரத்தில் ஷாக் முற்றிலும் மடங்கிப்போய்விடவும் கூடாது. அச்சு தொங்கும் அதே நிலையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, முன் பிரேக் ஹோஸ்கள் இறுகுகின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பின் அச்சுக்குப் போகும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இருபது வயது ரப்பர் ஹோஸ் என்றால், இறுகினாலும் இறுகாவிட்டாலும் மாற்றிவிடுவது நல்லது.

இனி டயர். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டயர் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். உங்கள் வண்டியின் 205/70 ஆர் 15 டயரின் விட்டம் 668 மி.மீ. பட்டறை சொல்லும் 235/75 ஆர் 15 டயருக்கு 733 மி.மீ. நடுவில் ஓர் அளவு உண்டு: 215/75 ஆர் 15, விட்டம் 703 மி.மீ. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் அச்சு உயர்வது. ஆகவே 235 டயர் டிஃபரன்ஷியலை 33 மி.மீ. உயர்த்தும், 215 டயர் 18 மி.மீ. உயர்த்தும். பெரியதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் உங்கள் 1,298 சி.சி. என்ஜின் தருவது 80 குதிரைத்திறனும் 103 நியூட்டன் மீட்டர் திருகுவிசையும்தான். 235 டயரில் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்கு வரும் இழுவை ஏறத்தாழ 9 சதவீதம் குறையும். இப்போது இரண்டாவது கியரில் ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் சிலவற்றில் முதல் கியரைத் தேட வேண்டிவரும். 215 டயரில் இழப்பு 5 சதவீதம். அதைக் கால் உணர்ந்தாலும் சமாளித்துவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையான வேகம் 235 டயரில் 66 ஆகவும், 215 டயரில் 63 ஆகவும் இருக்கும். ஜிப்சியில் பவர் ஸ்டியரிங் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். அகலமான டயரை நின்ற இடத்தில் திருப்பும் வேலையை உங்கள் தோள்தான் செய்ய வேண்டும். அந்த டயர் முழுத் திருப்பத்தில் உள்ளே உரசாமல் இருக்க இரண்டு அங்குல உயரமும் தேவைப்படும். 215 டயருக்கு அந்தத் தேவையே இல்லை.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையைத் தோராயமாக மதிப்பிட, இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடைமையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுப்பார்கள். ஜிப்சியின் சக்கர அகலம் ஏறத்தாழ 1,300 மி.மீ. எடைமையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் விடை 1.0. நான் சொன்ன ஸ்பிரிங்கும் 215 டயரும் சேர்ந்தால் அது 0.93 அளவுக்கு இறங்கும். இரண்டு அங்குலத் தூக்கலும் 235 டயரும் சேர்ந்தால் 0.89க்குப் போகும். அமெரிக்காவில் ஜிப்சியின் குட்டைத் தம்பியான சுசுகி சாமுராயை, கவிழும் ஆபத்தைக் காட்டி, 1988இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று மதிப்பிட்டது. சுசுகி 1996இல் வழக்குத் தொடர்ந்து, 2004இல்தான் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அந்தச் சோதனை நியாயமானதா என்ற விவாதம் இருக்கட்டும். இந்தக் குடும்பத்து வண்டிகளில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே தாராளமான மிச்சம் இல்லை என்பதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். கூரையில் கேரியர் வைத்துச் சாமான் கட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஸ்பிரிங் மாற்றிய நாளோடு அதை விட்டுவிடுங்கள்.

தாயாரைப் பற்றி நீங்கள் எழுதாமல் விட்டிருந்தாலும் கேட்டிருப்பேன். அமர்ந்துபோன வண்டியில் ஏறிப் பழகியவருக்கு ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து இரண்டரை அங்குலம் கூடினால், முழங்கால் உடனே சொல்லிவிடும். கதவுக்குக் கீழே சேஸில் போல்ட் மூலம் பிணைத்த படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது நடுமேட்டில் முதலில் தட்டும் பொருளாக ஆகிவிடாதபடி, சேஸின் அடிமட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். அதைவிட எளிது, இருக்கைக்குப் பின்னால் ஒரு மர முக்காலி. முன்பக்கத் தூணில் கைப்பிடி ஒன்றும் அவசியம். ஏறுவதற்கு உதவுவது படியைவிடக் கைப்பிடிதான்.

மாட்டும்போது மூன்று செய்திகளில் கண்டிப்பாக இருங்கள். அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பழைய யு-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்த விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு நீண்ட போல்ட் இரண்டாம் முறை பிடிப்பு தராது. ஷேக்கிள் புஷ்களையும் புதிதாகப் போடுங்கள்; அவற்றின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அல்ல, நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை முழுதும் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். 500 கி.மீ. ஓடியபின் யு-போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் சக்கரம் சற்றே கோணலாக நிற்கும். அதைக் கழற்றி நேராக மாட்டித் தராமல், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் ராட்டின் (drag rod) நீளத்தைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். ஹெட்லைட்டை மறுபடி இறக்கி வைக்காவிட்டால் எதிரே வருகிற பேருந்து ஓட்டுநர் உங்களை வாழ்த்திக்கொண்டு போவார்.

எல்லாம் ஒரே மாதத்தில் செய்யக் கை தாராளமாக இல்லை என்றால், முதலில் டயர், அடுத்து ஸ்பிரிங்கும் ஷாக்கும் என்ற வரிசையில் செய்யுங்கள். டயர் மாற்றியபின் ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். தட்டல் நின்றுவிட்டால், ஸ்பிரிங்கை உயர வளைவு இல்லாமல் கம்பெனி அளவிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: என் 2013 மஹிந்திரா தார் சி.ஆர்.டி.இ. வண்டியின் முன்பக்கத்தை டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கியே 50 மி.மீ. தூக்கிவிட்டேன், செலவே இல்லை. ஆனால் வேகத்தடையில் இறங்கும்போது ‘டங்’ என்று சத்தம் வருகிறது. ஏன்?
– போடிநாயக்கனூர் வாசகர்

பதில்: செலவு இனிமேல்தான் வரும். அந்தத் தாரில் முன்பக்கம் தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷன், டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல் வேலை செய்யும் இரும்புத் தண்டு). பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். போல்ட்டை முறுக்குவதால் டார்ஷன் பார் விறைப்பாவதில்லை, நீளமாவதும் இல்லை. சக்கரம் நிற்கும் இடம் மட்டும் கீழே நகர்கிறது. மொத்த அசைவு தூரம் மாறாததால், மேலே போவதற்குக் கூடிய 50 மி.மீ., கீழே இறங்குவதற்கு இருந்த தூரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கப் போகும்போது சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை உடனே எல்லைக் கட்டையில் இடிக்கிறது. உங்கள் ‘டங்’ அதுதான். இதே நிலையில் ஓட்டினால் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மடங்கும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் எப்போதும் அதிகக் கோணத்தில் சுழன்று, முதலில் அதன் ரப்பர் உறை கிழியும், பிறகு ஜாயிண்ட் போகும். சத்தம் நிற்கும் வரை போல்ட்டைத் தளர்த்துங்கள். கம்பெனி நிலையிலிருந்து 25 மி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். அதன்பின் அலைன்மென்ட் பார்க்காமல் 100 கி.மீ.கூட ஓட்ட வேண்டாம், ஏனெனில் உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரத்தின் பக்கச்சாய்வு) டோவும் (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மாறி, டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேயும். பின்பக்கம் பழைய உயரத்திலேயே இருப்பதால் வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்குமே, அதற்கும் இந்தத் தளர்த்தல் நல்லது.

கேள்வி: ஜிப்சியைத் தூக்கினால் எஃப்.சி.யில் நிறுத்துவார்களா? சட்டம் என்ன சொல்கிறது?
– தருமபுரி வாசகர்

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் வைத்திருக்கிறார்கள்.

அமர்ந்துபோன ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கம்பெனி அளவுள்ள புது ஸ்பிரிங் போடுவது பழுதுபார்ப்பு. அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேலே போகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் உங்கள் பொறுப்பு. தனிப்பயன் வண்டிக்குப் பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்டியாக வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்; விபத்துக்குப் பின் சர்வேயர் வந்து கண்டுபிடிப்பதைவிட அது நல்லது.

கேள்வி: ஸ்பிரிங்கைத் தொடாமல், பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் நைலான் கட்டை வைத்து இரண்டு அங்குலம் தூக்கலாமா?
– கொடைக்கானல் வாசகர்

பதில்: பெரிய டயருக்கு இடம் வேண்டுமென்றால் பயன்படும், நடுமேட்டில் தட்டுவதற்குப் பயன்படாது, ஏனெனில் சேஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய வண்டியில் பாடி மவுண்ட் போல்ட்டுகள் துருவில் உறைந்திருக்கும். கழற்றும்போது பாதி முறியும், தரைத் தகடும் கூடவே பெயரும். கியர் லீவரும் ஸ்டியரிங் தண்டும் ரேடியேட்டர் மின்விசிறி உறையும் தனித்தனியாகச் சரிசெய்யப்பட வேண்டும். வேண்டாம்.

கேள்வி: முந்நூறு கி.மீ. முன்பு ஜிப்சிக்குப் புது ஸ்பிரிங்கும் புது டயரும் போட்டேன். 65 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் கையில் படபடவென்று அடிக்கிறது. வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது. ஸ்பிரிங் சரியில்லையா?
– குன்னூர் வாசகர்

பதில்: ஸ்பிரிங்கைக் குறை சொல்வதற்கு முன் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். நான்கு சக்கரத்தையும் மறுபடி பேலன்ஸ் செய்து பாருங்கள். புது டயரில் எடைத்துண்டு உதிர்ந்திருக்கலாம். அடுத்து, முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து மாறிமாறித் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்க அதையே மீண்டும் செய்யுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங்பின் பேரிங். தேய்ந்த கிங்பின் பேரிங் பழைய சிறு டயரோடு அமைதியாக இருந்துவிட்டு, கனமான டயர் வந்ததும் வாய் திறப்பது ஜிப்சியில் அடிக்கடி நடப்பதுதான். அதன்பிறகும் நிற்கவில்லையென்றால் காஸ்டர் கோணத்தை அளந்து, குறைந்திருந்தால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்பு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அலுமினிய ஆப்பு நசுங்கும், வாங்காதீர்கள். ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக்) மாட்டிப் படபடப்பை அமுக்கிவிடலாம் என்று சொல்வார்கள்; மேலே சொன்ன மூன்றையும் பார்க்கும் வரை அதற்குச் சம்மதிக்காதீர்கள்.